எப்போ சுத்துது? – டிரிஃப்ட் காரை டியூன் செய்யும் முறை

பாண்டிச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பார்க்கிறேன். 11 வருடம் ஆகிறது. கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒரே வரிதான்: "வண்டி ஒரு பக்கமா இழுக்குதுங்க." சேர்ந்த புதிதில் அதைக் கேட்டவுடன் சென்சாரைச் சக்கரத்தில் மாட்டப் போய்விடுவேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, வந்தவரிடம் பொறுமையாகக் கேட்பார்: "எப்போங்க இழுக்குது?" பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். நேர் ரோட்டில் எந்நேரமும் இழுத்தால் முதலில் காற்று, அப்புறம் அலைன்மென்ட். எப்போது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ராத்திரி வீட்டுக்கு வந்து ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்கிற கார் வீடியோ கேம் ஆடும்போதும் அந்தக் கேள்விதான் எனக்குக் கைகொடுக்கிறது. அக்கா மகன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறான், பிளஸ் டூ. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பாண்டிக்கு வந்துவிடுவான். போன மழைக்காலத்தில் ஒரு நாள், யாரோ செய்து வைத்த டிரிஃப்ட் டியூனை, அதாவது காரைச் சறுக்கவிட்டு ஓட்டுவதற்கான செட்டிங் எண்களை, இறக்கிப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். நிறையப் பேர் பயன்படுத்துகிற டியூன்தான். ஆனால் இவன் கையில் கார் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது.

"மாமா, கார் சுத்திக்கிட்டே இருக்கு."

"எப்போடா சுத்துது?"

"எப்பவுமே."

எப்பவுமே என்று ஒன்று கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பத்து வளைவு பார்த்தேன். வளைவுக்குள் நன்றாகத்தான் நுழைந்தான், நடுவிலும் பிடித்து நின்றான். இடப்பக்கச் சறுக்கலை முடித்து வலப்பக்கம் மாறும் அந்த ஒரு நொடியில்தான் ஒவ்வொரு முறையும் கார் அவனை விட்டுப் போனது. அன்றைக்கு அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் எண்களையும் தருகிறேன். ஆனால் அவை தொடங்குவதற்கு மட்டும்தான். உங்கள் விரலும் உங்கள் காரும் வேறு.

டிரிஃப்ட் என்றால் பின் டயர்கள் பிடியை விட்டுச் சறுக்கிக்கொண்டிருக்க, முன் சக்கரங்களைச் சறுக்கும் பக்கமே திருப்பி வைத்து, ஆக்ஸிலேட்டரால் அந்தக் கோணத்தைக் காப்பாற்றுவது. ஜப்பானில் 1970களில் குனிமிட்சு தகாஹாஷி ரேஸ் டிராக்கில் இப்படி ஓட்டிக் காட்டினார். கெய்ச்சி சுச்சியா அதை மலைப்பாதைக்குக் கொண்டுபோய் ஊரறியச் செய்தார். ஒரு டிரிஃப்டில் நான்கு கட்டங்கள் உண்டு: வளைவுக்குள் போவது, கோணத்தைப் பிடித்து நிற்பது, மறுபக்கம் மாறுவது, வெளியே வருவது. கோளாறு எந்தக் கட்டத்தில் என்று சொல்லத் தெரிந்தால், டியூனிங் பக்கத்தில் எந்த ஸ்லைடரை, அதாவது எண்ணைக் கூட்டிக் குறைக்கும் எந்தப் பட்டையை, தொட வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

காரைத் தொடுவதற்கு முன் கேமின் செட்டிங்கில் சில வேலைகள். டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இரண்டையும் அணையுங்கள். பின் சக்கரம் சறுக்கக் கூடாது என்பதற்காகவே இருப்பவை அவை. கியரை மேனுவலுக்கு மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வளைவின் நடுவில் தன் இஷ்டத்துக்கு மேலே போய்விடும், சறுக்கல் செத்துவிடும். கன்ட்ரோலரில் ஆடுபவர்கள் டெட்சோன் (குச்சி அசைந்தும் கேம் கண்டுகொள்ளாத இடைவெளி) பகுதிக்குப் போய் ஸ்டியரிங்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் உள் எல்லையை 0 பக்கமும் வெளி எல்லையை 100 பக்கமும் வையுங்கள். குச்சியைத் தொட்டவுடன் சக்கரம் அசைய வேண்டும். அளவுகளை மெட்ரிக்கில் வைத்திருந்தால் டயர் காற்று ‘பார்’ என்கிற அளவில் தெரியும். 2 பார் என்பது 29 பிஎஸ்ஐ. நமக்குப் பங்கில் கேட்டுப் பழகியது பிஎஸ்ஐதான் என்பதால் நான் அதிலேயே எழுதுகிறேன்.

காருக்கு நான் எல்லோருக்கும் சொல்வது நிஸான் சில்வியா ஸ்பெக்-ஆர், 2000 மாடல், எஸ்15 என்பார்களே அது. 2 லிட்டர் டர்போ, பின் சக்கர ஓட்டம், கம்பெனியிலிருந்து வரும்போது 250 குதிரைத்திறன். நீளமும் எடையும் அளவாக இருக்கும், எதற்கும் பதறாது. பவரை 400லிருந்து 450க்குள் நிறுத்துங்கள். முதல் நாளே 900 குதிரைத்திறன் ஏற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அவ்வளவு பவரில் பின் டயர் எப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், எந்தக் கோளாறு எதனால் வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. கேம் ஒவ்வொரு காருக்கும் ஒரு திறன் எண் கொடுக்கும். அதில் ஏ கிளாஸுக்குள், அதாவது 800ஐத் தாண்டாமல் இருங்கள். டிரிஃப்ட் சஸ்பென்ஷன் கட்டாயம் போடுங்கள், முன் சக்கரம் அதிகக் கோணம் திரும்புவதற்கு அதுதான் வழி. டிரிஃப்ட் டயர், மாற்றியமைக்கக்கூடிய டிஃபரன்ஷியல் (எஞ்சின் சக்தியை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்), ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), கியர்பாக்ஸ் இவையும் வேண்டும். அந்தந்தப் பாகத்தை மாட்டினால்தான் அதற்கான ஸ்லைடர் திறக்கும். பின்னால் பெரிய இறக்கை வேண்டாம், அது பின் டயரை ரோட்டில் அழுத்தும்.

இப்போது டியூனிங். நான் முதலில் தொடுவது டிஃபரன்ஷியல். ஏன் என்று புரிய தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு வாருங்கள். பின் சக்கர ஓட்டமுள்ள வண்டியை யாராவது மணலில் இறக்கிவிட்டு வெளியே எடுக்க முடியாமல் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது கவனியுங்கள். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மணலை வாரி இறைக்கும், அடுத்த சக்கரம் அசையாமல் நிற்கும். சாதாரண டிஃபரன்ஷியலில் எந்தச் சக்கரத்துக்குப் பிடி குறைவோ அது தன் பாட்டுக்குச் சுற்றிவிடும். டிரிஃப்டில் கார் ஒரு பக்கம் சாயும்போது உள்பக்கச் சக்கரத்தின் பாரம் குறைகிறது. அது மட்டும் சுற்றினால் சறுக்கல் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் வராது. அதனால் ஆக்ஸிலரேஷன் 100, டீசலரேஷன் 100 என்று இரண்டையும் மேலேயே வைத்துத் தொடங்குங்கள். இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். காலை எடுத்தாலும் அப்படித்தான், கொடுத்தாலும் அப்படித்தான். இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் ஆற்றில் கரைத்த புளிதான்.

அடுத்தது அலைன்மென்ட். என் சோறு இதில்தான் என்பதால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

கடைக்கு வருகிற சின்னக் கார்கள் பலவற்றில் எங்களால் மாற்ற முடிந்தது முன் சக்கரத்தின் டோ மட்டும்தான், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பது. கேம்பரும் கேஸ்டரும் கம்பெனி வைத்தபடி இருக்கும், மெஷினில் பார்க்கலாம், திருப்ப போல்ட் இருக்காது. கேமில் மூன்றும் கையில் கிடைக்கின்றன. முதல் முறை அந்தப் பக்கத்தைத் திறந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கேம்பர் என்பது முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு. மேல்பாகம் காரின் உள்பக்கம் சாய்ந்தால் நெகட்டிவ். கேஸ்டர் என்பது ஸ்டியரிங் திரும்பும் அச்சு, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது எவ்வளவு பின்சாய்வாக இருக்கிறது என்பது. சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பார்த்தால் புரியும். டிரிஃப்டுக்குக் கேஸ்டரை மேல் எல்லையான 7க்குக் கொண்டுபோங்கள். கேஸ்டர் அதிகமானால் சக்கரம் கார் போகும் திசைக்குத் தானே திரும்பப் பார்க்கும். பின்பக்கம் சறுக்கியவுடன் கவுண்டர் ஸ்டியரை, அதாவது சறுக்கும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புவதை, ஆரம்பித்துவைக்க அது உதவுகிறது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கார் இடது வளைவில் சறுக்குகிறது என்று வையுங்கள். பாரம் எல்லாம் வலது முன் சக்கரத்தின் மேல். நீங்கள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள். கேஸ்டர் அதிகமாக இருக்கும்போது, திருப்பிய பக்கத்துச் சக்கரத்தின் மேல்பாகம் வெளிப்பக்கம் சாயும். அதாவது பாரம் சுமக்கிற அதே வலது சக்கரம் தன் வெளி ஓரத்தில் நிற்க ஆரம்பிக்கிறது, பிடி போய்விடுகிறது. அதை ஈடுகட்டத்தான் முன்கூட்டியே நிறைய நெகட்டிவ் கேம்பர் வைக்கிறோம். டிரிஃப்ட் கார் சும்மா நிற்கும்போது முன் சக்கரங்கள் கால் அகட்டி நிற்பது மாதிரித் தெரிவதற்குக் காரணம் இதுதான், அழகுக்காக அல்ல. முன்னால் -4 வையுங்கள். பின்னால் -1 போதும். பின் சக்கரம் திரும்புவதில்லையே. அது ரோட்டில் அகலமாகப் படிந்தால்தான் உந்தும்.

கேம்பர் சரியா என்று பார்க்க டெலிமெட்ரியில், அதாவது ஓடும்போதே காரின் அளவுகளைக் காட்டும் திரையில், டயர் சூட்டுப் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு டயருக்கும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று சூடு காட்டும். கடையில் நான் இதையே டயரைத் தடவிப் பார்த்துச் செய்கிறேன். உள் ஓரம் மட்டும் தேய்ந்து கம்பி தெரிந்தால் சக்கரம் உள்ளே சாய்ந்து ஓடியிருக்கிறது, அல்லது டோ கெட்டிருக்கிறது. கேமில் ஐந்தாறு வளைவு சறுக்கிவிட்டுப் பாருங்கள். முன் டயரின் வெளி ஓரம் ரொம்பக் கூடுதலாகச் சூடானால் கேம்பர் போதவில்லை, உள் ஓரம் மட்டும் கொதித்தால் கூடிப்போயிற்று. அரை அரையாக மாற்றுங்கள்.

டோ விஷயத்தில் என் மாதிரித் தொழிலில் இருப்பவர்கள் ஏமாறுவார்கள். எங்கள் மெஷினில் ப்ளஸ் என்றால் டோ-இன், சக்கரத்தின் முன்முனைகள் உள்ளே பார்ப்பது. கேமில் ப்ளஸ் என்பது டோ-அவுட். முதல் வாரம் முழுக்க நான் தலைகீழாக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். எண்ணின் குறியை விடுங்கள், ஸ்லைடரின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். முன் சக்கரத்துக்கு டோ-அவுட் 0.5. ஸ்டியரிங் தொட்டவுடன் மூக்கு திரும்பும், நுழைவு சுலபமாகும். பின் சக்கரம் 0. இதற்கு மேல் முன்னால் ஏற்றினால் நேர் ரோட்டிலேயே கார் அலையும்.

டயர் காற்று, முன்னால் 29, பின்னால் 32 பிஎஸ்ஐ. ஓட ஓடச் சூட்டில் ஏறும் என்பதை மனதில் வைத்துப் பத்து நிமிஷம் ஓட்டிய பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். பின்னால் குறைத்தால் பிடி கூடும், கோணம் சீக்கிரம் நிமிரும்.

ஸ்பிரிங், டேம்பர் (ஷாக் அப்சார்பர்), ஆன்டி ரோல் பார் மூன்றும் பாரம் எவ்வளவு வேகமாக இடம் மாறுகிறது என்பதைத்தான் ஆள்கின்றன. தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டிக் கடலூர் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருந்தால் இது உங்கள் காலுக்கே தெரியும். டிரைவர் ஒரு பக்கம் ஒடித்து உடனே மறுபக்கம் ஒடிக்கும்போது முதல் ஒடிப்பைவிட இரண்டாவதில்தான் ஆள் விழுவான். ஒரு பக்கம் சாய்ந்த பாரம் திரும்பி வரும்போது கூடுதல் வேகத்தோடு வருகிறது. அக்கா மகன் சுற்றிப் போனதும் இதனால்தான். அவன் இறக்கிய டியூனில் பின் ஆன்டி ரோல் பார் கல்லு மாதிரி இருந்தது. பின்பக்கம் விறைப்பாக இருந்தால் பாரம் ஒரேயடியாக வெளிச் சக்கரத்தில் போய் விழும், பின் டயர் பட்டென்று பிடி விடும். அதை எழுதியவர் ஸ்டியரிங் வீல் வைத்து, அந்த வேகத்துக்குக் கை பழகியவராக இருந்திருக்கலாம். பழைய கன்ட்ரோலரில் ஆடுகிற பையனுக்கு அது ஆகாது.

ஆன்டி ரோல் பார் முன்னால் 28, பின்னால் 22 என்று தொடங்குங்கள். ஸ்பிரிங் முன்னால் நடுவிலிருந்து சற்று விறைப்பு, பின்னால் நடுவுக்குக் கீழே. ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது பின்பக்கம் கொஞ்சம் அமுங்கி உட்கார்ந்தால்தான் சறுக்கிக்கொண்டே முன்னேறும், இல்லையென்றால் புகைதான் வரும், கார் நகராது. டேம்பரில் ரீபவுண்ட் (விரியும்போது தடுக்கும் அளவு) 8, பம்ப் (அமுங்கும்போது தடுக்கும் அளவு) 5, முன்னும் பின்னும். பம்ப் எப்போதும் ரீபவுண்டைவிடக் குறைவாக இருக்கட்டும். உயரத்தைத் தாழ்வாக வைத்து, மேடுபள்ளத்தில் அடி தட்டினால் மட்டும் ஏற்றுங்கள்.

கியரில் எல்லாப் பல்லையும் மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள், எல்லாக் கியருக்கும் பொதுவான ஃபைனல் டிரைவ் ஒன்று போதும். நீங்கள் அதிகம் ஓட்டும் வளைவை மூன்றாவது கியரிலேயே தொடக்கம் முதல் முடிவுவரை பிடிக்க முடிய வேண்டும். நடுவில் எஞ்சின் மூச்சு வாங்கி ஆர்பிஎம் விழுந்தால் ஸ்லைடரை ஆக்ஸிலரேஷன் பக்கம் தள்ளுங்கள். சிவப்புக் கோட்டில் போய் முட்டி இரைந்தால் ஸ்பீடு பக்கம். பிரேக்கை அப்படியே விடலாம்.

இனிச் சோதனை. டியூனைப் போட்டவுடன் நேராக டிரிஃப்ட் சோனுக்கு (சறுக்கலுக்குப் புள்ளி தரும் ரோட்டுப் பகுதி) போய் மூன்று நட்சத்திரம் வாங்க நினைக்காதீர்கள். வரைபடத்தில் திறந்த வெளி ஒன்றைப் பிடித்து, முதலில் ஒரே பக்கம் வட்டமடியுங்கள். வட்டத்தின் அளவு மாறாமல் ஐந்து சுற்று வந்தால் நடுக்கட்டம் சரி. வட்டம் விரிந்துகொண்டே போனால் முன் பிடி போதவில்லை: முன் ஆன்டி ரோல் பாரைக் குறையுங்கள், அல்லது கேம்பரைப் பாருங்கள். சுருங்கிச் சுற்றிப்போனால் பின்னால் பிடி போதவில்லை: பின் காற்றை 2 பிஎஸ்ஐ குறையுங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் விரலைப் பாருங்கள், ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டிருப்பீர்கள். பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் விளையாட வேண்டிய விரல் அது.

வட்டம் வந்த பிறகு எட்டு போடுங்கள், லைசென்ஸுக்கு டூவீலரில் போட்டோமே அதே எட்டு. மறுபக்கம் மாறும் கட்டத்தை இது அப்பட்டமாகக் காட்டிவிடும். மாறும்போது சுற்றினால் பின் ஆன்டி ரோல் பாரை இரண்டிரண்டாகக் குறையுங்கள், அப்புறமும் அடங்காவிட்டால் பின் ஸ்பிரிங். மாறவே சோம்பலாக இருந்தால் எதிர்த்திசை. அதற்கும் பிறகுதான் ரோடு. நுழைவுக்கு ஹேண்ட் பிரேக்கைத் தட்டிவிடும் அளவுக்கு இழுத்தால் போதும். பிடித்துக்கொண்டே இருந்தால் வேகம் செத்துவிடும். ஹேண்ட் பிரேக் இல்லாமல் உள்ளே போகவே முடியவில்லை என்றால் முன் டோ-அவுட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்லைடர். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கேம்பரையும் ஆன்டி ரோல் பாரையும் காற்றையும் சேர்த்து மாற்றிவிட்டு கார் நன்றாகிவிட்டால்கூட எது நன்றாக்கியது என்று தெரியாது, நாளைக்கு வேறு கார் எடுக்கும்போது மறுபடி இருட்டில்தான் நிற்பீர்கள். கடையில் ஜாப் கார்டு எழுதுவதுபோல் ஒரு 40 பக்க நோட்டு வைத்திருக்கிறேன். முன் எண், பின் எண், எந்தக் கட்டத்தில் என்ன ஆயிற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பழைய டியூனை வேறு பெயரில் சேமித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை ரோட்டில் செய்யாதீர்கள். ஐப்பசி மழையில் தார் ரோடு வழுக்கும்போது ஹேண்ட் பிரேக் இழுத்துப் பார்த்த ஒரு பையனின் கார் எங்கள் கடைக்கு வந்தது. சக்கரம் பிளாட்பாரத்தில் அடித்து சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் வளைந்திருந்தது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பிளாட்பாரத்தில் அன்றைக்கு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான் அதிர்ஷ்டம். கேமில் ரீவைண்ட் பட்டன் இருக்கிறது. வில்லியனூர் ரோட்டில் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி கடலூரிலிருந்து போன் வந்தது. அவன் இப்போது லா கிரான் கால்டெரா எரிமலை ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறான், மேலே வரைக்கும் கொண்டை ஊசி வளைவுகள்.

"மாமா, சுத்துது. ஏறுறப்போ இல்ல, இறங்குறப்போ மட்டும். அதுவும் வலது வளைவு முடிச்சு இடதுக்குத் திருப்புற அந்த நேரத்துல."

"இறக்கத்துல பாரமெல்லாம் முன்னால போயிடும்டா, பின்னால லேசாயிடும். பின் ஆன்டி ரோல் பாரை இன்னும் மூணு குறைச்சுட்டு அதே வளைவுலயே ஓட்டிப் பாரு. வேற எதையும் தொடாத."

"சரி மாமா, லைன்லயே இருங்க" என்று போனை மேஜை மேல் வைத்தான். டயர் கிறீச்சிடும் சத்தம் எனக்கு இங்கே கேட்டது.